முழங்கால் வலியும் மூட்டு ஊசியும்

(செங்கல்பட்டில் நடைபெற்ற விழாவில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் முழங்கால் வலியைப் பற்றிப் பேசலாமா என நீங்கள் எண்ணக்கூடும். இன்று காலைப் பூசையின்போது இவ்வரங்கைச் சுற்றிப் பார்த்தேன். தரையில் அமர்ந்தோரினும் நாற்காலி தேடியோரே மிகுதி. ஆகவே இப்பொருளைத் தேர்ந்தேன்.

முழங்கால் மூட்டில் எலும்பு நுனிகளைப் போர்த்தியிருப்பது வழுவழுப்பான குருத்தெலும்பு. அதற்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. எனவே அது சிதைந்தபின் மீண்டும் வளர்வது அரிது. முதுமை, உடல் எடை, பழைய காயம், பல்லாண்டு குந்தியும் மண்டியிட்டும் செய்த உழைப்பு ஆகியவை தேய்மானத்தை மிகுவிக்கின்றன. மாமல்லபுரத்தில் காலை மடக்கியமர்ந்து கல் செதுக்கும் சிற்பிக்கும், ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும் இவ்வலி பொது.

என் தமக்கையாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. தரையில் அமர்ந்து சாமாயிகம் செய்ய இயலாமற் போனதே அவரது பெருந்துயரம். ஒரு மருத்துவமனையில், மூட்டுக்குள் எண்ணெய் போன்ற மருந்தைச் செலுத்தினால் வலி தீரும் என்றனர். விலை மிகுதி, ஆயினும் ஒப்புக்கொண்டோம். ஊசி போட்டு வீடு திரும்பிய பின்னரே மருந்துப் பெட்டியிலிருந்த தாளைப் படித்தேன். சேவலின் கொண்டையிலிருந்து எடுக்கப்பட்டது என அதில் அச்சிடப்பட்டிருந்தது. தமக்கையார் அன்று முழுவதும் பேசவில்லை. பிழை எங்களுடையதுமாகும், நாங்கள் கேட்கவில்லை.

நம் முன்னோரான கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ஏலாதி என்றும், காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும் மருந்தின் பெயரையே சூட்டினர். முன்னது ஏலம் முதலிய ஆறு சரக்குகள் சேர்ந்தது. பின்னது ஐந்து வேர்கள் சேர்ந்தது. மருந்தில் என்ன இருக்கிறது என்பதைப் பெயரிலேயே அறிந்த மரபினர் நாம். ஊசிக்கும் அவ்வாறே கேட்பது நம் உரிமை. மூட்டில் இடும் ஊசிகளுள் மூன்றை அறிந்துகொள்வோம்.

முதலாவது ஸ்டீராய்டு ஊசி. 1951 முதல் மருத்துவ உலகில் வழக்கிலிருப்பது, விலை குறைவு. வீக்கத்தைத் தணித்துச் சில வாரங்கள் வலியைக் குறைக்கும். ஆனால் அடிக்கடி இடுவது நன்றன்று. அமெரிக்காவில் 140 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2017இல் வெளியாயிற்று. 12 வாரங்களுக்கு ஒருமுறை என ஈராண்டுகள் ஸ்டீராய்டு பெற்றோர்க்கு, உப்புநீர் ஊசி பெற்றோரைவிடக் குருத்தெலும்பு மிகுதியாகத் தேய்ந்திருந்தது. வலியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. நீரிழிவு உடையோர்க்கு இவ்வூசியால் சில நாள் சர்க்கரை உயரும். முன்னரே மருத்துவரிடம் கூறுக. ஊசிக்குப்பின் காய்ச்சலோ, மூட்டில் செம்மையும் கடும் வலியும் தோன்றினாலோ ஒரு நாளும் தாழ்த்தாது மருத்துவமனை செல்க.

இரண்டாவது ஹயலுரானிக் அமிலம். நம் மூட்டு நீரிலேயே இயல்பாக உள்ள பொருள் இது. இம்மருந்து சிலவற்றில் சேவற்கொண்டையிலிருந்தும், வேறு சிலவற்றில் நுண்ணுயிர்களை வளர்த்தும் பெறப்படுகிறது. நுண்ணுயிரும் உயிரன்றோ என்பீர்கள். உண்மை, ஆயினும் ஐயறிவுடைய பறவைக்கும் ஓரறிவுயிர்க்கும் உள்ள வேறுபாட்டை நம் நூல்கள் நன்கு வகுத்துள்ளன. இன்னொன்றும் கூறுவேன். பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளிவந்த ஆராய்ச்சி, இவ்வூசி தரும் நலம் நோயாளி உணரத்தக்க அளவினதன்று எனக் காட்டியது. உயிர்க்கொலையால் வந்ததைத் தவிர்ப்பதால் நாம் பெரிதும் இழப்பது ஏதுமில்லை.

மூன்றாவது, நம் குருதியையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து மூட்டில் இடும் பி.ஆர்.பி. ஊசி. உயிர்த்தீங்கு இதிலில்லை, செலவு மிகுதி. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஓராண்டின் முடிவில் இது உப்புநீர் ஊசியைவிட மேலானதாகக் காணப்படவில்லை.

அவ்வாறாயின் ஊசியே வேண்டாவா? அப்படிக் கூறேன். வலியால் ஓரடியும் எடுத்துவைக்க இயலாதவர்க்கு, மருத்துவர் தேர்ந்து இடும் ஒரு ஸ்டீராய்டு ஊசி சில வார இடைவெளியைத் தரக்கூடும். அவ்விடைவெளியில் என்ன செய்கிறோம் என்பதே முதன்மையானது. தொடைத் தசை வலுப்பெற்றால் மூட்டின் சுமையை அது தாங்கும். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்குக. காலையும் மாலையும் ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை செய்க. எடை மிகுந்தோர் ஒரு கிலோ குறைத்தால், நடக்கும்போது ஒவ்வோரடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும். பயிற்சியைக் கற்பிக்க இயன்முறை மருத்துவர் உளர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் அவர்கள் இல்லத்திற்கும் வருகின்றனர்.

ஆகவே ஊசிக்கு இசையும் முன் நான்கு வினாக்களைக் கேளுங்கள். இம்மருந்தின் பெயர் யாது? எதிலிருந்து செய்யப்பட்டது? எத்தனை நாள் பயன் தரும்? அந்நாட்களில் நான் செய்ய வேண்டிய பயிற்சி யாது? நல்ல மருத்துவர் இவற்றுக்குச் சினவார், மகிழ்வார்.

என் தமக்கையார் பின்னர் வேறொரு மருத்துவரிடம் இவற்றையெல்லாம் கேட்டறிந்து, ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசி இட்டுக்கொண்டார். வலி தணிந்த நாட்களில் பயிற்சியைத் தொடங்கியவர் இன்றும் விடவில்லை. தரையில் அமர அவரால் இன்னும் இயலவில்லை. நாற்காலியில் அமர்ந்தே சாமாயிகம் செய்கிறார். ஜினாலயத்தை யார் கையும் பற்றாமல் மும்முறை வலம் வருகிறார். இன்று முன்வரிசையில் அமர்ந்து, இவ்வுரையில் பிழையேதும் உளதா எனக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.