இடுப்பளவும் ஈரலும்

குடிகாரனுக்குத்தான் ஈரல் கெடும் என்பது நம் ஊர்களில் நெடுநாளாக வழங்கிவரும் எண்ணம். மது ஈரலைக் கெடுக்கும் என்பது மெய்யே. ஆனால் மதுவைத் தொட்டறியாதவர்களின் ஈரலிலும் கொழுப்புப் படிகிறது. சென்னை நகரில் நடந்த ஓர் ஆய்வு 2009-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் சோதிக்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு 32 பேருக்கு மதுவினால் வாராத கொழுப்பு ஈரல் இருந்தது. இந்நோய்க்கு வலியில்லை, காய்ச்சல் இல்லை. பலருக்கு அவ்வளவோடு நின்றுவிடுகிறது. சிலருக்கோ ஈரல் அழன்று, தழும்பேறி, இறுதியில் சுருங்கிப் போகிறது.

இதற்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு? உடலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதோடு, அது எவ்விடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம் என்று 1947-இலேயே எழுதினார், பிரெஞ்சு மருத்துவரான ஜான் வாக். இடுப்புக்குக் கீழே தொடைகளில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் சாதுவானது. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேர்வதோ அத்தகையதன்று. குடலிலிருந்து வரும் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே ஈரலுக்குச் செல்கிறது என்று நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். குடற்கொழுப்பு கரைந்து வெளிவிடும் அமிலங்களும் அவ்வழியேதான் செல்கின்றன. இது முழு விளக்கமன்று. தோலுக்கடியில் உள்ள கொழுப்பும் தன் பங்கை அனுப்புகிறது. மிகுதியாக உண்ணும் சர்க்கரையை ஈரல் தானே கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது. இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதபோது இவையாவும் பெருகுகின்றன.

நான் சிறப்பாகச் சொல்ல விரும்புவது ஒல்லியானவர்களைப் பற்றி. புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யட்கினும் தங்கள் இருவரின் படங்களையும் 2004-இல் 'லான்செட்' இதழில் அருகருகே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1 பங்கு, நம்மவருக்கு 21.2 பங்கு! அரியலூர்ப் பக்கத்து வயல்களின் மேல் நின்று பார்ப்பவனுக்கு அடியிலுள்ள சுண்ணாம்புக்கல் தெரிவதில்லை. நம் உடல்களும் அத்தன்மையவே.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் முன்பு வரகும் கம்பும் உண்டு, பொழுதெல்லாம் புழுதிக்காட்டில் உழைத்தார்கள். இன்று மக்காச்சோளம் விளைகிறது. அதிற் பெரும்பகுதி கோழித்தீவனத்துக்குப் போகிறது. உண்பது மூன்று வேளையும் அரிசி. உழவை டிராக்டர் பார்த்துக்கொள்கிறது. இந்த மாற்றத்தை நான் குறைகூறவில்லை. முதுகொடிய உழைத்தவர்களுக்கு அந்த ஓய்வு நியாயமானதே. ஆனால் தட்டில் சோற்றின் அளவு மட்டும் பழைய உழைப்புக்கு ஏற்றபடியே நிற்கிறது.

ஆகவே ஒரு தையல் நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின், வீட்டிலுள்ள பெரியவர்களை அளந்து பாருங்கள். இந்தியருக்கு வகுத்த எல்லை ஆடவருக்கு 90 சென்டிமீட்டர், பெண்டிருக்கு 80. கால்சட்டை அளவை நம்புவதற்கில்லை, தொந்திக்குக் கீழே இறக்கிக் கட்டுவது நம் வழக்கம். அரைஞாண் கயிறும் அவ்வாறே கீழிறங்கிவிடும். எனினும் புதுக்கயிறு பழையதைவிட நீளமாக வேண்டியிருந்தால் அதுவும் ஒரு செய்திதான்.

நாடாவின் தீர்ப்பே இறுதியன்று. மேற்கு வங்கக் கிராமங்களில் நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், கொழுப்பு ஈரல் உடையோரில் பாதிக்குமேற்பட்டவர்களுக்குப் பருத்த உடலும் இல்லை, பருத்த வயிறும் இல்லை. அத்தகையோருக்கு ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும்தான் வழி. கண்டறிந்தபின் நம்பிக்கைக்கு இடமுண்டு. 70 கிலோ எடையுள்ள பருத்த வயிற்றுக்காரர், சோற்றையும் இனிப்பையும் குறைத்து, நாள்தோறும் விரைந்து நடந்து, சில மாதங்களில் மெல்ல 5 கிலோ குறைவாராயின், தொந்தி முழுதும் கரையுமுன்னரே ஈரலின் கொழுப்புக் குறையத் தொடங்கிவிடுகிறது.