உடலை ஆளும் கலை



தோப்பும்படியில் வாழும் நம்மில் பலர் நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து பிழைப்பவர்கள். ஊதியம் ஏறுமுன் முதுகுவலி ஏறிவிடுகிறது. உடற்பயிற்சி செய்யலாமே என்றால், இடமேது, பொருளேது என்கிறோம்.

ஜெர்மனியில் 1883-இல் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ் இளமையில் நோயாளி. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷார் அவரை மான் தீவிலுள்ள காவல் முகாமில் அடைத்தனர். அங்கேதான் அவர் தம் பயிற்சி முறையை வளர்த்தார். கட்டுப்பாட்டுக் கலை என்று பொருள்படக் ‘கன்ட்ராலஜி’ எனப் பெயரிட்டு, பின்னர் நியூயார்க்கில் கற்பித்தார். 1967-இல் அவர் மறைந்தார். இன்று அவர் பெயரே அக்கலையின் பெயர்.

மூச்சு, மன ஒருமை, வயிற்றுத் தசையின் உறுதி, பிசகாத அசைவு ஆகியவையே அதன் அடிப்படை. ‘நூறு’ என்னும் பயிற்சியில் மல்லாந்து படுத்து, தலையையும் கால்களையும் உயர்த்திக் கைகளை அசைத்தபடி, 5 எண்ணி மூச்சை இழுத்து 5 எண்ணி விடவேண்டும்; இவ்வாறு 10 முறை. மைசூரிலும் பின்னர் சென்னையிலும் யோகம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரும் மூச்சோடு அசைவை இணைத்தவரே.

வயிறும் முதுகும் வலுத்தால் நிமிர்ந்து அமர்தல் எளிதாகும். வலி முற்றியோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. மற்றவர்க்கு ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். காவலில் இருந்தவருக்குக் கிடைத்த இடம் நமக்குக் கிடைக்காதா?