ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம்



சிங்கப்பெருமாள் கோவிலில் மலையைக் குடைந்த நரசிம்மர் சன்னதியைத் தரிசித்துவிட்டுத் தெற்கே நடந்த பழங்காலத்து யாத்திரீகன், பத்து மைல் கடப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பதை அறிவான். ராமேசுவரம் வரையில் அவனுக்கு இருந்த தைரியமெல்லாம் வழியிலுள்ள சத்திரங்களே. அவற்றுள் ஒன்றின் சரித்திரம், கிராமத்துப் பொதுக் கட்டிடங்களைப் பற்றிக் கவலை கொள்வோர் அனைவரும் அறியத் தக்கது. அது தஞ்சாவூருக்குத் தெற்கே, பட்டுக்கோட்டைச் சாலையில், சுமார் 14 மைல் தூரத்திலுள்ள ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம்.

முத்தாம்பாள், தஞ்சை மகாராஜா இரண்டாம் சரபோஜிக்கு வாழ்க்கைத் துணையாக இருந்து இளமையிலேயே மறைந்தவர். தம் பெயரால் ஓர் அன்னசத்திரம் ஏற்படுத்த வேண்டுமென்று அவர் கேட்டுக்கொண்டதாக வழிவழியாகச் சொல்வார்கள். சத்திரம் 1802-ம் வருஷத்தில் அமைந்தது. ஊருக்கும் முத்தாம்பாள்புரம் என்று பெயர் வழங்கலாயிற்று.

அக்காலத்தில் ராஜாவின் கையில் ராஜ்யமில்லை என்பதை இங்கே நினைவில் வைக்கவேண்டும். 1799-ம் வருஷத்து உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் கும்பினியாரிடம் போய்விட்டது. கோட்டையும் வருமானத்தில் ஒரு பங்குமே மகாராஜாவுக்கு மிஞ்சின. சத்திரங்களுக்கு விடப்பட்டிருந்த கிராமங்களும் கைவிட்டுப் போனால் தர்மம் நின்றுவிடுமே என்று அஞ்சிய சரபோஜி, அவை தம் பொறுப்பிலேயே இருக்கவேண்டுமென்று 1801-ல் ரெஸிடெண்டு துரைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சத்திரத்தில் நாள்தோறும் நடப்பது என்ன என்பதை அக்கடிதமே விவரிக்கிறது. பிராமணர் முதல் பறையர் வரையில் எல்லா ஜாதியாருக்கும், யோகிகளுக்கும் பக்கிரிகளுக்கும் அங்கே உணவு உண்டு. சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் சாமான்களும் அளந்து கொடுப்பார்கள். நடுநிசியில் மணியடித்து, உண்ணாமல் படுத்தவர் எவரேனும் உண்டா என்று கூப்பிடுவார்கள். நோயாளியை வைத்தியர் கவனிப்பார். வழியில் பிரசவ வேதனை கண்ட ஸ்திரீக்கு வேண்டியது செய்வார்கள். அனாதைக் குழந்தைகளை வளர்த்து உபாத்தியாயரிடம் படிக்க வைப்பார்கள். நம் கிராமங்களில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அனாதை விடுதி என்று தனித்தனியே வேண்டுமென மனுப்போடும் காரியங்கள் ஒரே கூரையின்கீழ் நடந்தன. கல்வெட்டில் பெயர் பொறிப்பதோடு நில்லாமல், இரவில் எழுந்து மணியடிக்க ஓர் ஆளையும் நியமித்தார்களே, அதுதான் நிர்வாகம்!

1855-ல் வாரிசில்லை என்ற காரணத்தால் தஞ்சை ராஜ்யம் முற்றிலும் முடிவுற்றது. சத்திரங்கள் ஸர்க்கார் வசமாகி, பின்னர் ஜில்லா போர்டின் பராமரிப்பில் வந்தன. இதற்கிடையில் நடைவழியே மாறிவிட்டது. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரெயில் ஓடியது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் ராமேசுவரத்துக்கு நடந்து போவார் அரிதாயினர். யாத்திரீகன் போய்விட்டான். மானிய நிலங்களின் வருமானம் மட்டும் நின்றபடியே வந்துகொண்டிருந்தது. அதை எவருக்குச் செலவிடுவது?

வழக்குண்டானது இங்கேதான். எல்லா ஜாதியாருக்கும் என்று ஏற்பட்ட தர்மத்தின் பயன், கல்வி விஷயத்தில் பெரும்பாலும் ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்குச் சென்றுகொண்டிருந்தது. சத்திர நிதியால் நடந்த திருவையாற்றுக் கல்லூரியில் சமஸ்கிருதமே போதிக்கப்பட்டது. 1920-களில் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த ஏ. டி. பன்னீர்செல்வம் இதை மாற்றினார். திருவையாற்றில் தமிழ் வித்துவான் வகுப்பு ஏற்பட்டது. ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் ஏழை மாணவர்கள் தங்கி உண்டு படிக்க விடுதிகள் உண்டாயின. புதுமை செய்தார் என்று குறைகூறியவர்கள் 1801-ம் வருஷத்துக் கடிதத்தைப் படித்திருந்தால், அவர் பழமையையே மீட்டார் என்று கண்டிருப்பார்கள். அவர் 1940-ல் ஆகாய விமானத்தில் இங்கிலாந்து செல்லும் வழியில் விபத்துக்குள்ளாகி மறைந்தார்.

வழிப்போக்கன் அடியோடு மறைந்துவிட்டானா என்றால், அதுவும் இல்லை. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில், ஊரை விட்டு வந்து தொழிற்சாலைகளில் உழைப்போர் எத்தனை பேர்! அச்சாலையிலுள்ள வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கு 2024-ம் வருஷத்தில் சுமார் 706 கோடி ரூபாய்ச் செலவில் விடுதி திறக்கப்பட்டது. இரவு வேலை முடிந்து வருகிறவளுக்குச் சோறு இருக்கிறதா என்று விசாரிப்பது அங்கேயும் முக்கியமான காரியமே.

இனி, பழைய கட்டிடத்தைக் காப்பது பற்றி. ஒரத்தநாட்டுச் சத்திரம்போல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சத்திரங்கள் பல கிராமங்களில் உண்டு. அவற்றைக் கெடுப்பவை பெரும்பாலும் இரண்டு: ஒன்று அரசஞ்செடி, மற்றொன்று சிமெண்டு. செடியை மேலே கிள்ளினால் போதாது. வேரோடு எடுத்து, அந்த வெடிப்பைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கவேண்டும். பழைய சுவரில் சிமெண்டு பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளிவர வழியின்றிச் செங்கல்லை அரித்துவிடும். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்தரைத்த சுண்ணாம்பையே உபயோகிக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்பாக மேல்தளத்தில் ஏறிச் சருகைக் கூட்டி, தண்ணீர் போகும் தூம்புகளைத் திறந்துவிடுவதற்கு இரண்டு ஆட்களின் ஒருநாள் கூலிதான் ஆகும்.