நேற்று நடந்ததை ஆங்கிலத்தில் சொல்வது

தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெண் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை கேட்டுப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு முன் என்ன வேலை பார்த்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். "ஐ ஒர்க் இன் எ ஷாப்" என்கிறாள். கடையில் வேலை பார்த்தேன் என்பது அவள் எண்ணம். கேட்டவருக்கோ, இவள் இன்னமும் கடையில் வேலையாயிருக்கிறாள் என்றே படும். "ஒர்க்ட்" என்று ஓர் ஒலியைக் கூட்டிச் சொல்லியிருந்தால் குழப்பமே இல்லை. அந்த ஒலியைக் கொண்டு அமையும் இறந்தகாலத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

இறந்தகாலம் நமக்குப் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், த், ட், ற், இன் என்ற நான்கும் இறந்தகாலம் காட்டும் என்கிறது. செய்தான், உண்டான், தின்றான், ஓடினான் என்ற சொற்களில் இவற்றைக் காணலாம். அதோடு, வந்தேன், வந்தாய், வந்தார்கள் என்று ஆளுக்கேற்ப முடிவையும் மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் இந்த வேலை மிச்சம். "ஐ கேம், யூ கேம், ஹி கேம், தே கேம்" எல்லாம் ஒன்றுதான். ஆளுக்கேற்ப மாறுவது "வாஸ், வேர்" மட்டுமே: "ஐ வாஸ், ஹி வாஸ்" என்கிறோம், "யூ, வீ, தே" மூன்றுக்கும் "வேர்".

பெரும்பாலான வினைச் சொற்களின் கடைசியில் இ, டி என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் போதும். எழுத்தில் ஒன்றுதான்; ஒலியில் மூன்று. நம் பிள்ளைகள் "வாக்கெட், வாஷெட்" என்று நீட்டிப் படிப்பதை அடிக்கடி கேட்கிறோம். அது சரியல்ல. "வாக்ட், வாஷ்ட், ஹெல்ப்ட்" என்று, பட்டம் என்பதில் வரும் வல்லொலியாய்ச் சட்டென முடிக்க வேண்டும். "கிளீன்ட், ஓபன்ட்" என்பவற்றில் அதுவே படம் என்பதில் வரும் மெல்லிய ஒலி. ஒரே ட இரண்டு விதமாய் ஒலிப்பது தமிழருக்குப் பழக்கந்தானே! சொல்லின் முடிவில் ஏற்கெனவே டி என்ற ஒலியோ டீ என்ற ஒலியோ இருந்தால் மட்டும் ஓர் அசை கூடும்: "வெயிட், வெயிட்டெட்", "நீட், நீடெட்".

இந்த விதிக்கு அடங்காத சொற்களும் உண்டு. "கோ" என்பது "வென்ட்" ஆகிறது. "ஈட்" என்பது "ஏட்" ஆகிறது. இது என்ன அநியாயம் என்று கேட்க வேண்டாம். நாமும் வா என்பதை வந்தேன் என்கிறோம். போ என்பதைப் போனேன் என்கிறோம். இவற்றையெல்லாம் பட்டியல் போட்டா படித்தோம்? வீட்டில் கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலத்திலும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் வரும். மாறவே மாறாதவையும் சில உண்டு. "கட், புட், ஹர்ட்" என்பவை நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே உருவந்தான். கையில் கத்தி பட்டுவிட்டால், "ஐ கட் மை ஹேண்ட் யெஸ்டர்டே" என்று நாளையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

மலாயில் வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறுவதில்லை. முடிந்துவிட்டது என்பதற்கு "சுடா" என்ற சொல்லை முன்னால் வைத்தால் ஆயிற்று. மூன்று மொழிகளோடு புழங்கும் நம் பிள்ளைகள் அதே பாணியில் "ஐ ஈட் ஆல்ரெடி" என்கிறார்கள். கடைத்தெருவில் அது செல்லும். பரீட்சைத் தாளில் செல்லாது. நாளோ ஆண்டோ குறிப்பிட்டுவிட்டால் வினையும் இறந்தகாலத்தில்தான் நிற்க வேண்டும். "மலாயா பிகேம் இன்டிபென்டன்ட் இன் 1957" என்ற வாக்கியத்தைப் பாருங்கள்.

ஆனால் நம்மவர் மிகுதியும் தடுமாறுவது "இல்லை" என்று சொல்லும் இடத்தில்தான். இதற்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது. நேற்று வரவில்லை, இன்று வரவில்லை என்று இரண்டு நாளுக்கும் ஒரே சொல்லைச் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் காலம் தெரிவதில்லை. அந்தப் பழக்கத்தில் "யெஸ்டர்டே ஐ டோன்ட் கம்" என்று வந்துவிடுகிறது. "டிட் நாட்" என்று சொல்ல வேண்டும். "ஐ டிட் நாட் கம்." இங்கே "கேம்" என்று சொல்லக் கூடாது. பால் வாளியை ஒருவர் தூக்கிக்கொண்ட பிறகு உடன் வருகிறவர் கைவீசி நடக்கலாம் அல்லவா? காலம் என்ற பளுவை "டிட்" சுமந்துகொள்கிறது. அடுத்த வினை வெறுங்கையோடு வருகிறது. கேள்விக்கும் இதே முறைதான். "வாஸ், வேர்" இரண்டுக்கும் மட்டும் "டிட்" வேண்டாம்.

குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் தாய்மார் இதை முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். "டிட் ஹி வாமிட்?" என்று டாக்டர் கேட்டால், வாந்தி எடுத்தானா என்று பொருள். எடுத்திருந்தால் "யெஸ், ஹி வாமிட்டெட் லாஸ்ட் நைட்", இல்லையென்றால் "நோ, ஹி டிட் நாட் வாமிட்." "ஹி ஹேஸ் ஃபீவர்" என்றால் இப்போது காய்ச்சல் இருக்கிறது, "ஹி ஹேட் ஃபீவர் லாஸ்ட் நைட்" என்றால் நேற்றிரவு இருந்தது. டாக்டர் பார்க்கும்போது உடம்பு சுடாமல் இருக்கலாம். நேற்றிரவு சுட்டது என்பதை நாம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, பள்ளிக்குப் போகும் பிள்ளையை உட்காரவைத்து, நேற்று செய்தவை ஐந்தும் செய்யாதவை இரண்டும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். செய்யாதவற்றில் "டிட் நாட்" வருகிறதா, அதன் பின்னால் வரும் சொல் மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் காதுகொடுத்துக் கேளுங்கள். பிறகு நீங்களும் இரண்டு வாக்கியம் சொல்லிப் பாருங்கள்.