முதல் கைதட்டல் வீட்டில் கேட்கட்டும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



போன மாசம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஒரு உறுப்பினரோட மகள், எட்டாம் வகுப்புப் படிக்கிற பொண்ணு, ஆரம்பப் பாட்டுப் பாடுச்சு. கணக்கு நோட்டை மூடி வச்சுட்டு எல்லாரும் கேட்டோம். பாடி முடிச்சதும் அந்தப் பொண்ணு அம்மா முகத்தைத்தான் பார்த்துச்சு. "பாட்டா சோறு போடும்? போய்ப் பாத்திரத்தைக் கழுவு"ன்னாங்க அம்மா. பிள்ளை முகம் வாடிப் போச்சு. நாங்க அத்தனை பேரும் கைதட்டினது அதுக்குக் காதிலேயே விழலை.

அந்த அம்மாவைக் குறை சொல்லலை. கடன் தவணையும் வீட்டுக் கஷ்டமும் அப்படிப் பேச வைக்குது. ஆனால் கஷ்டத்திலும் மகனை நம்பிய ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறோம்.

இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமானுக்கு 9 வயது இருக்கும்போது, 1976இல் அப்பா ஆர்.கே. சேகர் இறந்துவிட்டார். அவர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். அம்மா கரீமா பேகம், கணவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடத்தினார். விற்றுவிடுங்கள் என்று சொன்னவர்கள் உண்டு. அவர் விற்கவில்லை. பின்னால் மகனுக்கு ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் பணம் போதாதபோது தன் நகைகளையே கொடுத்தார். நகையோட அருமை நமக்குத் தெரியாதா?

அப்பாவை இழந்த துக்கத்தில் 25 வயது வரை மனம் மிகவும் சோர்ந்து கிடந்ததாக ரகுமானே 2018இல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். 25 வயதில், 1992இல் 'ரோஜா' வந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது. 2009இல் இரண்டு ஆஸ்கர் விருதுகள். ஊர் கைதட்டியது இவ்வளவு தாமதமாகத்தான். அதுவரை தாங்கிப் பிடித்தது வீட்டில் இருந்த நம்பிக்கை.

அப்போ வெளியார் பாராட்டு வேண்டாமா? கட்டாயம் வேணும். "அம்மான்னா நல்லாத்தான் சொல்வாங்க"ன்னு பிள்ளை நினைக்கும். முன்பின் தெரியாதவங்க நாலு பேர் நல்லா இருக்குன்னு சொல்லும்போதுதான் "நமக்கு நிஜமாவே வருது"ன்னு தைரியம் வரும். ஆனா அந்த மேடை வரைக்கும் போறதுக்கு வீட்டில் ஒரு வார்த்தை வேணும்.

அதுக்காகப் பொய்யாப் புகழ வேண்டாம். பக்கத்துல உட்கார்ந்து முழுசாக் கேளுங்க. "போன வாரத்தைவிட நல்லா இருக்கு"ன்னு சொல்லுங்க. போட்டியில் தோத்து வந்தா, "அப்பவே சொன்னேனே"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

வெளிக் கைதட்டலுக்கு நாம ஏற்பாடு செய்யலாம். இந்த ஆண்டு விழாவில் உறுப்பினர்களின் பிள்ளைகள் பாடவும், பறை, தவில் வாசிக்கவும் ஒரு மணி நேரம் ஒதுக்கத் தீர்மானம் போடுவோம். பொண்ணுங்க பேரும் அதில் இருக்கணும்.

முதல் பேரா அந்த எட்டாம் வகுப்புப் பொண்ணு பேரை எழுதணும்னு ஆசைப்படுறோம். அம்மா சம்மதம்தான் பாக்கி. அடுத்த வாரம் அவங்க வீட்டுக்குப் போறோம்.