இரு கரையில் ஒரு குடும்பம்

குடும்பம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது ஒரு வீடு, ஒரு முற்றம், ஓர் அடுப்பு. அந்த அடுப்பு இரண்டாகி, நாடும் இரண்டாகி, இடையே கடலும் வந்து நின்றுவிட்டால், அதன் பிறகு குடும்பம் எங்கே இருக்கிறது? இக்கேள்விக்கு நான் நூல்களில் விடை தேடியதுண்டு, கிடைக்கவில்லை. நீலகிரியில், கூடலூருக்கு அருகே, தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த ஒரு மூதாட்டியிடம் அது கிடைத்தது. அதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் சிறிது வரலாறு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் மலைகளில் ஆங்கிலேயர் காப்பி பயிரிடத் தொடங்கியபோது, தமிழகத்து மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடல் கடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே சென்றனர். நோயிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தவர் பலர். 1869ஆம் ஆண்டில் காப்பிச் செடியில் இலைநோய் தோன்றியது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பயிர் மாறிற்று, உழைப்பவர் மாறவில்லை. கண்டிச் சீமை என்று அவர்கள் அழைத்த அம்மலைநாட்டில், லயம் எனப்படும் வரிசை வீடுகளின் ஒற்றை அறைகளில், தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாழ்ந்தனர்.

போகும்போது அவர்கள் செல்வம் எதையும் கொண்டு போகவில்லை. தெய்வங்களைக் கொண்டு போயினர். தோட்டந்தோறும் ஒரு மாரியம்மன் கோயில் எழுந்தது. மாசியில் காமன் கூத்து நடந்தது. எரிந்துபோன காமனுக்காக இரதி அழும்போது, கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கைகளால் பெண்கள் கண்களைத் துடைத்துக்கொண்டனர். பழைய தெய்வங்கள் மட்டுமல்ல. புதிய வாழ்வு புதிய தெய்வங்களையும் தந்தது. ஆலையின் சக்கரத்தைக் காக்க ரோதைமுனி. கவ்வாத்துக் கத்தி காலைப் பதம் பார்க்காதிருக்கக் கவ்வாத்துச்சாமி. துன்பம் எங்கே இருந்ததோ அங்கே ஒரு தெய்வத்தை நிறுத்தி வைத்தனர் அம்மக்கள்.

இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம், அவர்களுள் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவராக்கிற்று. பின்னர் 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், இந்தியத் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைத் தலைமை அமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்பாடு செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்பது கணக்கு. 1974இல் அந்த எஞ்சியவரையும் சரிபாதியாகப் பிரித்தனர். உரியவர்களின் கருத்தைக் கேட்டுப் போட்ட கணக்கன்று அது. எண்ணைப் பிரிப்பது எளிது. எண்ணுக்குள்ளே அண்ணனும் தங்கையும் இருந்தனர்.

நான் சொல்ல வந்த மூதாட்டி அப்படிப்பட்ட ஒரு தங்கை. அவர் கணவரின் குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தது. அவர் அண்ணனோ இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். காரணம், தாய். "உங்கள் அப்பாவைப் புதைத்த மண்ணை விட்டு நான் வரமாட்டேன்" என்று அந்த அம்மாள் அசையாமல் இருந்துவிட்டார். தாயைத் தனியே விட்டுவர மகனுக்கு மனமில்லை. கணவனை விட்டு நிற்க மகளுக்கு வழியில்லை. யார் மேலும் குற்றமில்லை. ஆயினும் குடும்பம் பிரிந்தது.

1972ஆம் ஆண்டில் அவர்கள் புறப்பட்டனர். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிச்சென்ற இரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. நிலையத்தில் நின்றவரும் அழுதனர், ஏறியவரும் அழுதனர். அதனால் வந்த பெயர். தாய் மகளின் கையில் ஒரு சிறு துணி முடிச்சைக் கொடுத்தார். தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் அள்ளிய ஒரு பிடி மண். "போகிற இடத்தில் இதை வைத்துக் கும்பிடு" என்பதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

இராமேசுவரத்தில் கப்பல் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் தங்கி, இறுதியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தனர். தாயகம் திரும்பியோருக்காகவே 1968ஆம் ஆண்டில் தமிழக அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. குளிரும் பழகியது, கொழுந்தும் பழகியது. ஆனால் அங்கே இந்தியாக்காரர் என்று ஒதுக்கப்பட்டவர்கள், இங்கே சிலோன்காரர் என்று அழைக்கப்பட்டனர். பாட்டன் பிறந்த ஊரைத் தேடிப் போனபோது, அவ்வூரில் அவர்களை அறிந்தவர் எவருமில்லை.

குடியிருப்பின் ஓரத்தில் ஒரு மரத்தடியில் கல் ஒன்றை நட்டு, அதன் அடியில் அந்த மண்ணை இட்டார் அவர். "அங்கே இருந்த அம்மன் இங்கே எப்படி வந்தாள், அம்மா?" என்று நான் கேட்டேன். "சாமிக்கு ஏதுங்கய்யா பாஸ்போட்டு? எங்களுக்குத்தானே அதெல்லாம்" என்றார் சிரிக்காமலே.

எனினும், அவருடைய பக்தி என்றும் அசையாத பக்தி என்று சொல்லிவிட்டால் நான் உண்மையை மறைத்தவனாவேன். 1979இல் தாய் இறந்தார். தந்தி வந்து சேருமுன் அடக்கம் முடிந்துவிட்டது. அன்று முதல் ஓர் ஆண்டுக் காலம் அவர் அந்தக் கல்லுக்கு விளக்கேற்றவில்லை. "என்னையும் எங்கம்மாவையும் பிரிச்சவளுக்கு எதுக்குங்கய்யா விளக்குன்னு கோபம்" என்றார். அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை; அவரும் யாரிடமும் ஆறுதல் தேடவில்லை.

அடுத்த ஆடியில் அண்ணனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நீண்ட கடிதமன்று. தோட்டத்துக் கோயிலில் அர்ச்சனை செய்ததாக எழுதி, அர்ச்சனைக்குச் சொன்ன பெயர்களை வரிசையாகக் குறித்திருந்தார். தம் மனைவி மக்களின் பெயர்கள். தங்கையின் பெயர், அவள் கணவர் பெயர். கடைசியாக, நீலகிரியில் பிறந்த இரு குழந்தைகளின் பெயர்கள். அக்குழந்தைகளை அவர் பார்த்ததே இல்லை.

புறப்படும்போது அரசு கொடுத்த குடும்ப அட்டையிலும் பெயர்ப்பட்டியல் ஒன்று இருந்தது. அதில் அண்ணன் பெயர் இல்லை, தாய் பெயர் இல்லை. அண்ணன் எழுதிய பட்டியலில் ஒருவர் பெயரும் விட்டுப்போகவில்லை. அன்று மாலை அவர் மீண்டும் விளக்கேற்றினார். அண்ணன் எழுதிய அதே வரிசையில் எல்லாப் பெயர்களையும் சொன்னார்.

பிறகும் துன்பம் தீர்ந்துவிடவில்லை. 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தின்போது மாதக்கணக்கில் கடிதம் இல்லை. இருக்கிறார்களா இல்லையா என்பதே தெரியவில்லை. 1984இல் இராமேசுவரம் - தலைமன்னார்க் கப்பலும் நின்றது. அண்ணனும் தங்கையும் மறுபடி நேரில் காணவே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் இரு மலைகளில் ஒரே பெயர் வரிசை சொல்லப்பட்டு வந்தது. அண்ணன் மறைந்தபின் அவர் மகன் அதைத் தொடர்ந்தார்.

நேயர்களே, இந்த நம்பிக்கை எதைச் செய்தது என்று கேட்கலாம். பிரிவைத் தடுத்ததா? இல்லை. கூலியை உயர்த்தியதா? இல்லை. சட்டத்தின் கொடுமையை மக்கள் தம் பொறுமையால் தாங்கினர் என்பதற்காக, அச்சட்டம் நியாயமாகிவிடவும் மாட்டாது. ஆனால் தெய்வத்தின் முன்னே நிற்கும்போது யாரையும் விட்டுவிடக்கூடாது என்ற ஓர் ஒழுங்கை அது அவர்களுக்குத் தந்தது. கோபித்துக்கொண்ட தங்கையையும் அந்த ஒழுங்கு விடவில்லை. அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது. குடும்பப் பாசம் நம்பிக்கையைக் காத்தது. நம்பிக்கை குடும்பத்தைக் காத்தது.

நம் வீடுகளிலும் இன்று பிள்ளைகள் ஊர் ஊராகப் பிரிந்து வாழ்கிறார்கள். நம்மைப் பிரிப்பது பெரும்பாலும் சட்டமன்று. வேலை, வசதி, சில வேளைகளில் ஒரு சிறு மனத்தாங்கல். இன்றிரவு விளக்கேற்றும்போதோ, தொழும்போதோ, உறங்கப் போகுமுன்னோ, உங்கள் குடும்பத்தாரின் பெயர்களை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பெயரருகே நா தயங்குகிறதோ, அவருக்கு நாளைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள்.