நடுவில் நிறுத்திய பிள்ளை
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கிறித்தவ ஆன்மிக வாழ்வில் குழந்தை உள்ளம் என்பது குறித்துப் பேசுமாறு அமைப்பாளர்கள் பணித்தார்கள். கேட்பதற்கு எளிய தலைப்பு. பேச அமர்ந்தபோதுதான் அதன் கடுமை புரிந்தது.

மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில், விண்ணரசில் யார் பெரியவர் என்று சீடர்கள் கேட்கிறார்கள். கவியரங்க அழைப்பிதழில் யார் பெயர் முதலில் அச்சாக வேண்டும் என்று நாம் கேட்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இயேசு விடை சொல்லுமுன் ஒரு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவில் நிறுத்துகிறார். அந்தப் பிள்ளைக்குப் பெயர் இல்லை; அது ஒரு சொல்லும் பேசவில்லை. மாசற்ற மழலை என்று நாம் அதைப் பாடிவிடுகிறோம். பிள்ளைத்தமிழ் கண்ட மரபல்லவா நம்முடையது! ஆயின் அக்காலச் சமூகத்தில் பிள்ளை என்பது மதிப்போ உரிமையோ அற்ற உயிர். கிரேக்க மொழியில் பிள்ளையைக் குறிக்கும் சொல்லொன்று ஏவலாளையும் குறிக்கும். தேநீர்க் கடையில் நரைத்த தலையரையும் ‘பையன்’ என்று நாம் அழைப்பதில்லையா, அதுபோல. ஆகவே சீடர்களுக்குக் காட்டப்பட்டது பிள்ளையின் அழகைவிட அதன் இடமே என்று நான் கருதுகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தாழ்மை என்னும் அறத்தைத் தாழ்த்தப்பட்டோரிடம் போதிப்பது போன்ற கொடுமை வேறில்லை. அந்தப் பிள்ளை நிறுத்தப்பட்டது, பெரியவராக விரும்பியவர்களின் முன்னால். ஏற்கெனவே குனிந்து நிற்பவனைப் பார்த்து இன்னும் குனி என்று நற்செய்தி சொல்லவில்லை.

நம் கொங்குத் தமிழின் ‘ங்க’ புகழ் பெற்றது. பெற்ற பிள்ளையையும் ‘சாமி’ என்றும் ‘கண்ணு’ என்றும் அழைக்கும் நாடு இது. அந்த இனிமையில் எனக்கும் பெருமையுண்டு. ஆனால் அதற்குள் ஒரு கணக்கும் இருந்தது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எங்கள் தோட்டத்தில் வேலை செய்த முதியவர் என்னைச் ‘சின்னப் பண்ணாடி, வாங்க’ என்பார். நான் அவரை ‘வாடா’ என்பேன். எவரும் என்னைத் திருத்தவில்லை. திருத்த வேண்டும் என்று எவருக்கும் தோன்றவுமில்லை. பிள்ளை உள்ளம் தூயது என்று கவிதை எழுதுகிறவர்கள், அந்தப் பத்து வயதுப் பிள்ளையையும் சற்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எந்தக் குழந்தைமை? நம் மண்ணில் வாழ்ந்த ஒருவரைக் கொண்டு சொல்கிறேன். மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக் என்னும் பிரெஞ்சுக் குரு 1842இல் புதுச்சேரிக்கு வந்தார். பின்னர் சேலத்திற்கு அனுப்பப்பட்டார். குருத்துவப் பயிற்சியெல்லாம் முடித்து, மறையுரை ஆற்றித் தேர்ந்தவர், ஏறத்தாழ முப்பது வயதில் தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கும் பிள்ளையானார். கற்றவனுக்கு இது சிறிய தண்டனையன்று. தன் மொழியில் அறிஞன், பிறர் மொழியில் ஊமை. வீரமாமுனிவரும் இந்த வாசல் வழியாகத்தான் தேம்பாவணிக்கு வந்து சேர்ந்தார். அவரே ஒரு மூடக் குருவைக் கதாநாயகனாக்கிப் பரமார்த்த குரு கதை எழுதினார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், மரியாதையும் கூடும்.

பிரெசில்லாக் 1846 அக்டோபர் 4ஆம் நாள் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலை பெற்றார்; கோயமுத்தூர்ப் பகுதியின் பொறுப்பு அவரிடம் இருந்தது. இந்நாட்டு இளைஞர்களைக் குருக்களாக்குவதும், நாளடைவில் அவர்களிலிருந்தே ஆயர்கள் எழுவதும் அவர் பெருவிருப்பம். உடன் உழைத்த ஐரோப்பியர் பலர் அதை ஒப்பவில்லை. இவ்வூர் வழக்கங்களில் எவற்றைத் திருச்சபை ஏற்கலாம் என்ற சடங்குச் சிக்கலிலும் அவர் மனச்சான்று அமைதி காணவில்லை. ஐயத்தை மறைத்துக்கொண்டு பதவியில் அமர்ந்திருக்கலாம். பலர் அப்படித்தான் அமர்ந்திருக்கிறார்கள். அவரோ உரோமைக்கு எழுதிப் பதவி விலகினார். 1855இல் அது ஏற்கப்பட்டது. அவர் செய்தது சரியா என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடட்டும். எனக்குத் தெளியவில்லை என்று ஓர் ஆயர் சொன்னதே எனக்குப் போதும். அது பிள்ளையின் சொல்.

1856இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனின் பிரீடவுன் துறைமுகத்தில் இறங்கினார். நாற்பத்தைந்து வயதில் மீண்டும் மொழியறியாப் பிள்ளை. ஆறே வாரத்தில், ஜூன் 25ஆம் நாள், மஞ்சள் காய்ச்சலில் மறைந்தார். 2020இல் திருச்சபை அவரை ‘வணக்கத்துக்குரியவர்’ என்று அறிவித்தது.

‘சிறுமலர்’ என நாம் போற்றும் குழந்தை இயேசுவின் தெரசாளையும் இங்கே நினைக்கிறேன். இருபத்துநான்கு வயதில், 1897இல் மறைந்தவர். தந்தையின் கையைப் பற்றும் பிள்ளையின் நம்பிக்கையையே அவர் தம் வழியாகக் கொண்டார். சம்பந்தரின் சற்புத்திர நெறியை அறிந்த நமக்கு இது அயலான செய்தியன்று. அந்தச் சிறு வழிக்காரரை 1997இல் திருச்சபை மறைவல்லுநர் வரிசையில் வைத்தது.

கவிஞர்களாகிய நமக்கு வருகிறேன். இந்தப் பத்தாண்டுகளில் என் பாடல்களில் தளை தட்டிய இடங்களை இம்மன்றத்தின் இளையோர் சுட்டியிருக்கிறார்கள். நன்றி என்று வாயால் சொன்னேன். வீட்டுக்குச் சென்று மூன்று நாள் முகம் வாடியிருந்தேன். எனக்கு இன்னும் கைவராத பாடம் அது.

அந்த முதியவருக்கு நான் கடன்பட்டவன். ‘ங்க’ என்னும் ஓர் அசை அவர்பொருட்டு என் நாவில் ஏற இருபது ஆண்டுகள் ஆயின. ஒரு மார்கழிக் காலையில், களத்துமேட்டில் அவரைக் கண்டு, ‘வாங்கய்யா’ என்றேன். அவர் திடுக்கிட்டு, பின்னால் யாரோ பெரியவர் வந்திருக்கிறார் போலும் என்று திரும்பிப் பார்த்தார்.